சமையல் மேசையில் துவக்கு

கேள்வி: இராணுவ சேவை முடித்த மகன் துவக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சமையல் மேசையிலை கழற்றிப் போடுகிறான். பயமாக் கிடக்கு.
– ஒரு தாய், பேர்ண்

பதில்: அக்கா, என்ரை மனுசியும் இப்பிடித்தான் கத்தினவ. சுவிசிலை சேவை முடிஞ்சு வைச்சிருக்கிற ஸ்டுர்ம்கெவேர் 90 எண்ட இராணுவத் துவக்கை, ஒவ்வொரு வெடியாச் சுடுறதுக்கு மாத்தித்தான் தருவினம்.

முதல் மகசீனை, அதாவது வெடி போடுற பெட்டியைக் கழற்றோணும். பிறகு இழுக்கிற பிடியைப் பின்னுக்கு இழுத்து, வெடி இருக்கிற அறையைக் கண்ணாலை பாத்து, விரலாலையும் தடவோணும். நான் ரெண்டு தரம் பாப்பன். அதுக்குப் பிறகுதான் துவக்கின்ரை பின்பக்கத்திலை பூட்டி வைச்சிருக்கிற ஊசியைத் தள்ளி, துவக்கை மடிச்சுத் திறந்து, வெர்ஷ்லுஸை, அதாவது குழலின்ரை பின்பக்கத்தை மூடுற இரும்புத் துண்டை, வெளியிலை எடுக்கிறது. கரி கூடப் பிடிக்கிறது வாயுத் தண்டிலையும் வெர்ஷ்லுஸ் தலையிலையும்தான். குழலுக்குத் துணி போட்டு இழுத்தாக் காணும். கிறீஸை அப்பக்கூடாது, மெல்லிசாப் பூசினாப் போதும். என்ரை முதல் துவக்கு இடியப்ப உரல் மாதிரி வழிஞ்சது!

யன்னலைத் திறக்கச் சொல்லுங்கோ. மேசையிலை பழைய பேப்பர் விரிக்கோணும், சாப்பாடு, வெடி ரெண்டும் கிட்ட இருக்கக்கூடாது. முடிஞ்சதும் வெர்ஷ்லுஸை வேறையா வைச்சுப் பூட்டோணும், அது சட்டம். திறப்பு ஆரிட்டை எண்டும் கேளுங்கோ.