சிறுநீரகப் பிரச்சினை உள்ள குழந்தைக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய்). ஸ்டீராய்டு சாப்பிடுகிறான். உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்திருக்கும், தினமும் நெல்லிச் சாறும் வைட்டமின் சி மாத்திரையும் கொடு என்கிறார் என் அக்கா. கொடுக்கலாமா?

பதில்: குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாத்திரை கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அம்மா.

செல்களைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் நம் உடம்பில் எப்போதும் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். அவற்றை அடக்குபவையே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். இரத்தத்தில் அந்த வேலையில் பெரும்பங்கு ஆல்புமின் என்ற புரதத்துக்கு உண்டு. உங்கள் மகனுக்குச் சிறுநீரில் வெளியேறுவது அந்த ஆல்புமின்தான். துத்தநாகம், செம்பு போன்ற சத்துகளைச் சுமக்கும் புரதங்களும் கூடவே போய்விடுகின்றன. அதனால்தான் வீக்கம் இருக்கும் நாட்களில் இரத்தத்தைப் பரிசோதித்தால் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு கூடியிருப்பதைப் பார்க்கிறோம். புரதம் போவது நின்றதும் இந்த அளவுகள் பெரும்பாலும் தேறிவருகின்றன. ஆகவே அவனுக்கு இப்போது மிக முக்கியமானது, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களில் தவறாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு. முகம் உப்புகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வைட்டமின் சி அளவுக்கு மிஞ்சினால் ஆக்ஸலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். இந்த ஆக்ஸலேட்டை லேசாக நினைக்காதீர்கள். கேரளத்தில் இலும்பன்புளி (பிலிம்பிக் காய்) சாற்றை மருந்தென்று குடித்தவர்களுக்கு, அதிலிருந்த ஆக்ஸலேட்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது 2013-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆக்ஸலேட் நிறைந்த நட்சத்திரப் பழத்தையும் தவிருங்கள்.

நெல்லிக்காய் ஒன்றிரண்டைக் கடித்துத் தின்னட்டும், தடையில்லை. உப்பில் ஊறியது மட்டும் வேண்டாம், வீக்கம் கூடும். சிறுநீரகம் சரியாக வடிகட்டாததைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் உயர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது பொட்டாசியம் தேங்கக்கூடும் என்பதால் இளநீர், வாழைப்பழம், பழச்சாறு எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சிறுநீரகம் மந்தமான குழந்தைக்கு வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து நஞ்சாகலாம். எனவே கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமினை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கும் செலவழிக்காதீர்கள். அதை வைத்து சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கி, காலையில் போகும் முதல் சிறுநீரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பட்டை புரதம் 3+ என்று காட்டினால் நோய் திரும்பியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் வந்தாலும், அம்மை கண்ட பிள்ளையோடு அவன் விளையாடியது தெரிந்தாலும், மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.