வாசகர் கேள்வி-பதில்: குழந்தை கையில் கேமரா

கேள்வி: என் ஐந்து வயது மகளுக்குச் சிறுவர் கேமரா வாங்கிக் கொடுத்தோம். படமெல்லாம் கலங்கலாகவே வருகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸ் மாறாது. அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருப்பது தெளிவாக விழாது. குழந்தைகளோ பொம்மையின் மூக்கில் லென்ஸ் இடிக்கும்வரை போவார்கள்! இரண்டு எட்டு பின்னால் வரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்தால் கேமரா கூடுதல் நேரம் ஒளியை வாங்கும். அதற்குள் கை ஆடிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பட்டனை வெடுக்கென்று குத்தாமல் மெல்ல அமுக்கட்டும். படம் திரையில் வந்த பிறகே கேமராவை இறக்கலாம். அப்படியும் மங்கினால் லென்ஸில் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மெகாபிக்சல் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பல மாடல்களில் சின்ன சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) பிடித்த படத்தை மென்பொருளால் பெரிதாக்கியே பெட்டியில் பெரிய எண்ணைப் போடுகிறார்கள். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ உண்டா, கழுத்து வார் பலமாக இழுபட்டால் தானே கழன்றுகொள்ளுமா என்பதே முக்கியம். விளையாட்டுகள் இல்லாத மாடல் கிடைத்தால் நல்லது; இருந்தால் படம் எடுக்கவே மறந்துவிடுவார்கள்.

கேள்வி: கேமரா எப்படி வேலை செய்கிறது என்று மகன் கேட்கிறான். எப்படிக் காட்டுவது?

பதில்: ஊசித்துளைப் பெட்டி செய்து காட்டுங்கள். சுமார் 15 செ.மீ. நீளமுள்ள அட்டைப்பெட்டியின் உட்புறத்தைக் கறுப்பாக்குங்கள். ஒரு முனையில் 2 செ.மீ. சதுரம் வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, ஊசி நுனியால் அரை மி.மீ. அளவுக்குத் துளையிடுங்கள். இது பெரியவர் வேலை. எதிர்முனையை வெட்டி எடுத்துவிட்டு டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். துளை வெயில் படும் மரத்தைப் பார்க்கட்டும். பையன் தலையையும் டிரேசிங் பேப்பர் பக்கத்தையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடுங்கள். மரம் தலைகீழாகத் தெரியும். ஒளி நேர்கோட்டில் போவதால், உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே கீழே விழுகிறது. அடியிலிருந்து வருவது மேலே.

ஒன்றுமே தெரியாவிட்டால் பெரும்பாலும் மூலைகளில் ஒளி கசிகிறது என்று அர்த்தம். கறுப்பு டேப் ஒட்டுங்கள். கடைசியில் பென்சில் முனையால் துளையை அகலமாக்கச் சொல்லுங்கள்: படம் பளிச்சென்றாகும், கூடவே கலங்கும். பிறகு அவனே லென்ஸ் எதற்கு என்று கேட்பான். பரவும் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பதால், லென்ஸ் இருந்தால் பெரிய துளையிலும் படம் தெளிவாக விழும்.

துளை வழியாகச் சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள்.