மலை ஏன் படத்தில் மேடாகிவிடுகிறது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தென்காசி பக்கம், வேலை சென்னையில். இந்த ஆண்டுதான் 18–55 மி.மீ. லென்ஸுடன் ஒரு கேமரா வாங்கினேன். ஆடி மாதம் ஊருக்குப் போனபோது சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களை நிறையப் படமெடுத்தேன். நேரில் கண்ணை நிறைத்த மலை படத்தில் வெறும் மண்மேடாகத் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கு விதியைக் கடைப்பிடித்தும் படங்கள் சப்பென்று இருக்கின்றன. காட்சியமைப்பை எங்கிருந்து கற்கத் தொடங்குவது? அகலக்கோண லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அந்த லென்ஸை வாங்காதீர்கள். லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும், அதில் இருப்பவை சிறுக்கும். 18 மி.மீ.யிலேயே மேடாகிவிட்ட மலை 10 மி.மீ.யில் இன்னும் சிறுத்துப்போகும். இயற்கைக் காட்சி என்றாலே அகலக்கோண லென்ஸ்தான் என்ற நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. உங்களுக்கு இப்போது வேண்டியது கையில் இருக்கும் லென்ஸின் மறுமுனை, அதாவது 55.

கணக்கு எளிது. மலை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் சில அடி முன்னே போனாலும் பின்னே வந்தாலும் படத்தில் அதன் அளவு மாறாது, பூவின் அளவுதான் மாறும். ஆறடி தூரத்தில் இருக்கும் பூவிலிருந்து அறுபதடித் தூரத்துக்குப் பின்வாங்கினால் பூ பத்தில் ஒரு பங்காகிவிடும். அங்கிருந்து 18ஐ விட்டு 55க்கு ஜூம் செய்தால் பூ, மலை இரண்டுமே ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகும். முதல் படத்தோடு ஒப்பிட்டால் மலை மூன்று மடங்கு வளர்ந்திருக்கும், பூ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பூவுக்கும் மலைக்கும் உள்ள விகிதத்தை மாற்றியது நீங்கள் நடந்த நடை. ஜூம் அதைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான். தொடக்கநிலையில் இருப்பவர்கள் வந்து நின்ற இடத்திலேயே நின்று ஜூம் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதால்தான் இது பிடிபடாமலே போகிறது.

அடுத்து, மூன்றில் ஒரு பங்கு விதி. இதற்கு இந்தப் பெயரை 1797இல் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர். கேமரா பிறப்பதற்கு முந்தைய காலம் அது. நிலக்காட்சி ஓவியத்தில் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கோ ஒரு பங்கோ கொடுங்கள், நிலத்துக்கும் அதற்கும் சரிபாதி பிரிக்காதீர்கள் என்றார். ஒரே படத்தில் இரண்டு ஒளிகள் சமபலத்தோடு நிற்கக் கூடாது, ஒன்று தலைமை ஏற்க வேண்டும் என்ற பழைய கருத்திலிருந்துதான் அவர் தொடங்குகிறார். கேமரா திரையில் கட்டம் போட்டு அதன் சந்திப்புகளில் பூவை வைப்பதெல்லாம் பிறகு வந்த சுருக்குவழி. நீங்கள் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலைமையை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பூ, மலை, மேகம் மூன்றும் ஒரே அளவில் கூப்பிட்டால் பார்ப்பவரின் கண் எங்கே போகும்?

ஆகவே கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். “மேகம் மலையை விழுங்குகிறது” என்பது ஒரு படம். “அழகான இடம்” என்பது எதுவுமில்லை. முதலாவதைச் சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அடியில் மஞ்சளாக ஒரு பட்டை, அது போதும். வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறதா? தயங்காமல் அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள். தொடுவானம் இல்லாமல் நிலக்காட்சி இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் ஊர் வயல் இதைப் பழகுவதற்கென்றே அமைந்தது போன்ற இடம். முழுதாக மலர்ந்த சூரியகாந்தி சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்குப் பார்த்தே நிற்கும். மொட்டுப் பருவத்தில்தான் அது சூரியனைப் பின்தொடரும். மேற்குத் தொடர்ச்சி மலையோ மேற்கே. எனவே வயலின் கிழக்கு ஓரத்தில் நின்றால் பூக்கள் உங்களைப் பார்க்கும், பின்னால் மலை நிற்கும். காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் நிறம் நன்றாக இருக்கும், ஆனால் நிழல்கள் பூக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் சப்பென்ற தன்மைக்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம். அதே நேரத்தில் தெற்கு அல்லது வடக்கு ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு பூவும் திரண்டு நிற்கும். மாலையில் சூரியன் மலைக்கு மேல் இறங்கும்போது பழைய இடத்துக்கே திரும்புங்கள். இதழ்கள் பின்னொளியில் கண்ணாடிபோல் ஒளிரும், மலை கருநீல வடிவமாகிவிடும். பூ முகம் இருண்டுவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், அப்போது படம் இதழ்களுடையது.

சாரல் காலத்தில் இன்னொரு வசதி உண்டு. காற்றில் மேகம் வேகமாக ஓடும், அதன் நிழலும் வயல்மேல் ஓடும். வயல் நிழலில் இருக்க மலைச்சரிவில் மட்டும் வெயில் விழும் சில நொடிகள் வரும், கொஞ்சம் கழித்து நேர்மாறாகும். எந்த இடம் தலைமை ஏற்க வேண்டும் என்பதை ஒளியே முடிவுசெய்து கொடுக்கிறது. சட்டகத்தை அமைத்துவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காற்றில் பூ ஆடும் என்பதால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம். அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் அளவு, எஃப்/8 போதும்.

உயரத்தையும் கவனியுங்கள். கேமராவைப் பூவின் மட்டத்திலேயே பிடித்தால் முன்வரிசை சுவராகி மற்ற வரிசைகளை மறைக்கும். தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், திரை மடங்குமானால் இன்னும் நல்லது. வரிசைகள் பிரிந்து, மலை வரை ஆழம் கிடைக்கும். பயிர் மிதிபடாமல் வரப்பில் நடங்கள். வயலுக்குள் இறங்குவதென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட மின்கம்பம், மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இலை, தூரத்தில் ஒரு காற்றாலை. காற்றாலையைச் சேர்ப்பதென்றால் முழுதாகச் சேர்க்க வேண்டும், வேண்டாமென்றால் நாலடி நகர்ந்து ஒரு பனைமரத்தின் பின்னால் ஒளித்துவிடலாம். கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்பதில்லை. ஆனால் அந்த நாலடி நடப்பவருக்குத்தான் கண் பழகும்.

பயிற்சிக்கு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரே வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப்பொழுது முழுவதும் 55ஐ விட்டு நகராதீர்கள். திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்தால் மஞ்சள் உங்களை மயக்காது, வடிவமும் ஒளியும் மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் படத்தின் தலைமை. நீங்கள் நினைத்தது ஒன்று, கண்ணில் பட்டது வேறு என்றால், எந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மறுநாள் அந்தக் குறிப்போடு அதே வயலுக்குப் போங்கள்.