பழைய ஸ்போர்ட்ஸ் காரை நானே ரிப்பேர் பார்க்க எந்த மேனுவல் வாங்கலாம்?

குன்னூரில் மாமா விட்டுச்சென்ற அறுபதுகளின் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே வேலை பார்க்கப் போகிறீர்கள், எந்த மேனுவல் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் இருக்கட்டும், முதலில் பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சேசிஸ் நம்பர் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ஜிஹெச்என்3 என்று தொடங்கினால் 1962 முதல் 1967 வரை வந்த முதல் மாடல். ஜிஹெச்என்4 என்றால் அதற்கடுத்தது. எஞ்சின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1964 கடைசியில் எஞ்சினின் கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றிலிருந்து ஐந்தாகிவிட்டது. அட்டையில் 'எம்ஜிபி' என்று போட்டிருக்கிறதே என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். என்னுடையது 1965 வண்டி, ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் நிற்கிறது. முதலில் கிடைத்தது யாரோ எடுத்த ஜெராக்ஸ். வயரிங் படம் பளிச்சென்று இருந்தது. அதை நம்பி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் நெகட்டிவ் எர்த்தாக, அதாவது நெகட்டிவ் முனை வண்டி பாடியோடு சேரும்படி, மாட்டினேன். அந்தப் படமோ ஆல்டர்னேட்டர் வந்த பிந்தைய மாடலுக்கானது. என் வண்டியில் டைனமோ, பாசிட்டிவ் எர்த். வண்டி என்னவோ ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் சுவிட்சின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டு, வயர் கருகும் நாற்றம் ஷெட் முழுக்க. பேட்டரியைக் கழற்ற ஸ்பேனரைத் தேடிய அந்த அரை நிமிடம் இருக்கிறதே!

இப்போதெல்லாம் எந்த மேனுவலை எடுத்தாலும் வயரிங் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். டைனமோவா, ஆல்டர்னேட்டரா? எர்த் எந்தப் பக்கம்? இது ஒத்துப்போனால்தான் மற்ற பக்கங்கள்.

சரி, எந்தப் புத்தகம்? என்னைக் கேட்டால் இரண்டு வேண்டும். ஒன்று கம்பெனியே போட்ட வொர்க்‌ஷாப் மேனுவல். அளவு, நட்டு போல்ட்டை எவ்வளவு டைட் செய்வது எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அது டீலர் மெக்கானிக்குக்காக எழுதியது. 18ஜி என்று தொடங்கும் எண்ணுள்ள ஸ்பெஷல் டூலைக் கொண்டு கழற்று என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும். (எஞ்சின் நம்பரும் 18ஜி என்றுதான் தொடங்கும், குழம்ப வேண்டாம்.) இன்னொன்று ஹெய்ன்ஸ் என்ற பதிப்பகத்தின் மேனுவல். வீட்டில் வேலை பார்ப்பவருக்காகவே, வண்டியைப் பிரித்து மாட்டி ஃபோட்டோவோடு எழுதுவார்கள். அந்த வரிசையில் 1966இல் வந்த முதல் புத்தகமே ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹெய்ன்ஸை வாங்குங்கள். அமெரிக்கப் பதிப்புகள் இடது ஸ்டியரிங் வண்டிக்கானவை, நமக்குத் தேவையில்லை.

அப்புறம், நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஒரே பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம். மலையில் அம்பாசிடர் டாக்ஸிக்கு வேலை பார்த்த பழைய மெக்கானிக் யாராவது இருந்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைத்த அண்ணன் மேனுவலைத் திறக்கவே மாட்டார். டேப்பெட் இடைவெளிக்கு 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) என்று நான் படித்துச் சொன்னால், "தெரியும் தம்பி, ஃபீலர் கேஜை எடு" என்பார். இதில் கார்புரேட்டர் இரண்டு என்பது மட்டும் அவருக்குப் புதிது. ஒரு துண்டு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டும் ஒரே மாதிரி இரையும்வரை திருகினார். மேனுவலிலும் அதே முறைதான் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டு சுற்று கீழே இறக்கச் சொல்லியிருக்கும். அங்கிருந்து ஆரம்பித்து காதாலும் பிளக் நிறத்தாலும் சரிசெய்ய வேண்டும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, பெட்ரோல் அதிகமாகி பிளக் கரியாகிறது. நான் நட்டை ஒன்றரை ஃபிளாட் (ஒரு ஃபிளாட் என்பது ஆறு பக்க நட்டின் ஒரு பக்கம், ஆறில் ஒரு சுற்று) மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். கீழே இறங்கினால் அது பத்தாது. அதனால் என் மேனுவலின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கணக்கு எழுதியிருக்கிறது: ஒன்று ஊட்டிக்கு, ஒன்று மேட்டுப்பாளையத்துக்கு.