பெருவில் சம்பளப் பிடித்தம்: கேட்டதும் சொன்னதும்

(தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கு உரியவை. அந்த ஆண்டின் வரி அலகான யூ.ஐ.டி. 5,350 சோல்.)

கேள்வி: மாதம் 4,000 சோல் சம்பளம். வரி 128.47 எப்படி வந்தது?

பதில்: வரி மாதச் சம்பளத்துக்கு இல்லை. ஆண்டு முழுக்க எவ்வளவு வரும் என்று கணித்து, அதற்கான வரியை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறார்கள். பன்னிரண்டு சம்பளம், ஜூலையிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு கிராத்திஃபிகாசியோன் (ஒரு மாதச் சம்பளம் அளவு போனஸ்); ஆக 14 × 4,000 = 56,000. கிராத்திஃபிகாசியோனோடு வரும் 9% கூடுதல் தொகை 720. மொத்தம் 56,720. அதில் 7 யூ.ஐ.டி. (37,450) கழிவு போக மீதி 19,270. முதல் 5 யூ.ஐ.டி.க்கு 8% என்பதால் ஆண்டு வரி 1,541.60. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: அதே 4,000 எனக்கும். செப்டம்பரில் 6,000 ஆக்கினார்கள், வரி 372.57க்கு எகிறிவிட்டது. தப்பாகப் பிடிக்கிறார்களா?

பதில்: இல்லை. புதுக் கணிப்பில் ஆண்டு வருமானம் 66,900. கழிவு போக 29,450. முதல் 26,750க்கு 8%, மிச்சம் 2,700க்கு 14%. ஆண்டு வரி 2,518. ஆகஸ்ட் வரை பிடித்தது 1,027.73. பாக்கி 1,490.27ஐ செப்டம்பரில் நான்கால் வகுக்க வேண்டும் என்பது விதி. உயர்வு ஜனவரியிலேயே வந்திருந்தால் மாதப் பிடித்தம் இதைவிட அதிகமாக, 421.93 ஆக இருந்திருக்கும். ஜனவரியில் கணிப்பு புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: ஆகஸ்டில்தான் லிமா வந்தேன். முழுச் சம்பளத்துக்கும் 30% போகிறது. ஜனவரியில் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பலர் ஏமாறும் இடம் இது. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் பெருவில் இருந்தால்தான் வரி விஷயத்தில் உள்ளூர்வாசி. அந்த நிலை அடுத்த ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் செல்லும். ஆகஸ்டில் வந்தவருக்கு டிசம்பர் முடிவில் 153 நாள் தேறினாலே அதிகம். எனவே அடுத்த ஆண்டும் முழுக்க 30%, 7 யூ.ஐ.டி. கழிவும் கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் தேதி பேச இடமிருந்தால் ஜூனுக்குள் வந்துவிடுங்கள். நடுவில் ஊருக்குப் போன நாட்கள் கணக்கில் சேராது.

கேள்வி: ஓய்வூதியத்துக்கு ஓ.என்.பி.யா, ஏ.எஃப்.பி.யா? மருத்துவக் காப்பீடான எஸ்சாலுத் பணம் எங்கே பிடிக்கிறார்கள்?

பதில்: ஓ.என்.பி. அரசுடையது; 13%, பொது நிதி. அதில் பத்து ஆண்டுகூடச் செலுத்தாதவருக்கு ஓய்வூதியம் இல்லை. தனியார் நிதியான ஏ.எஃப்.பி.யில் 10% உங்கள் பெயரிலேயே சேரும். அதற்கு மேல் காப்பீட்டுப் பிரீமியமும் கமிஷனும் உண்டு. சில ஆண்டுகளில் கிளம்பப்போகிறவருக்கு ஏ.எஃப்.பி.தான் என்பது என் அபிப்பிராயம். நீங்களாகச் சொல்லாவிட்டாலும் அதில்தான் சேர்ப்பார்கள். எஸ்சாலுத் 9% முழுக்க நிறுவனத்தின் செலவு. சம்பளச் சீட்டில் அது பிடித்தமாக வந்தால் உடனே கேளுங்கள்.

கேள்வி: ஜூலைச் சீட்டில் கிராத்திஃபிகாசியோனுக்கு ஓய்வூதியப் பிடித்தமே இல்லையே?

பதில்: 2015ஆம் ஆண்டின் 30334ஆம் சட்டப்படி கிடையாது. நிறுவனம் எஸ்சாலுத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய 9%தான் கூடுதல் தொகையாக உங்கள் கைக்கு வருகிறது. வருமான வரி மட்டும் உண்டு. வேலை போனால் உதவ நிறுவனம் மே, நவம்பரில் வங்கியில் போடும் சி.டி.எஸ். தொகைக்கு அதுவும் இல்லை.

கேள்வி: ஜூனில் வேலை மாறினேன். புது இடத்தில் வரியே பிடிக்கவில்லை. லாபம்தானே?

பதில்: கடன். பழைய நிறுவனம் தரும் வருமான, பிடித்தச் சான்றிதழைப் புது இடத்தில் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் முதல் ஐந்து மாத வருமானத்தை எண்ணாமல் 7 யூ.ஐ.டி.யை முழுதாக இன்னொரு முறை கழித்துவிடுவார்கள். ஆண்டு முடிந்ததும் குறைவை வரித்துறையான சுனாத்துக்கு நீங்களே கட்ட வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை என்றால், அதிகம் தருகிற நிறுவனத்திடம் மற்றதன் சம்பளத்தையும் எழுதிக் கொடுங்கள். அவர்களே மொத்தத்துக்கும் பிடிப்பார்கள், மற்றவர் பிடிக்க மாட்டார்.