கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

கேள்வி: வீட்டு மின்சாதனங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில், செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் ரூம் ஹீட்டரில், கீழே சாய்ந்து விழுந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. புது மாடலில் அதை எடுத்துவிடப் போகிறார்கள். எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு நான்தான் கையெழுத்திட வேண்டும். “நாம் விற்கிற இடங்களில் சட்டம் இதைக் கேட்கவில்லை. போட்டிக் கம்பெனிகளும் வைப்பதில்லை. காலத்துக்கு ஏற்ப மாறாவிட்டால் கம்பெனியே இருக்காது. அப்புறம் இத்தனை பேர் வேலைக்கு யார் பொறுப்பு?” என்கிறார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். நான் பிழைக்கத் தெரியாதவளா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

“அவர் கெட்டவர் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். இந்த மாதிரி முடிவுகளைக் கெட்டவர்கள் எடுப்பது குறைவு. மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

அவருடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது. 1975-இலேயே டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து காட்டியவர் கோடாக் நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர்தான். ஃபிலிம் வியாபாரத்தை விட மனமில்லாமல் இருந்த அந்த நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மாறாத கம்பெனி நொடித்தால் முதலில் அடிபடுவது தொழிலாளிதான். லாபம் பாவம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் சுவிட்சை எடுப்பதற்கு மாற்றம் என்று பெயர் வைக்க முடியுமா? மலிவான வேறு வழியில் அதே பாதுகாப்பைத் தந்தால் அது மாற்றம். இங்கே நடப்பது வேறு. இதுவரை உங்கள் கம்பெனி சுமந்த ஒரு செலவை, கேட்காமலேயே, வாங்குகிறவர் வீட்டுக்குள் இறக்கி வைக்கிறீர்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஹீட்டர் கவிழ்ந்து, தூங்குகிற வீட்டில் புகை கிளம்பினால் அந்தச் செலவு உங்கள் ஏட்டில் ஏறாது. ஏறாததால்தான் மிச்சம் மாதிரித் தெரிகிறது.

உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு பழைய தாளைப் பற்றிச் சொல்கிறேன். 1973-இல் ஃபோர்டு நிறுவனத்தில் தயாரான குறிப்பு அது. ஃபோர்டின் சிறிய காரான பின்டோவுக்காக மட்டும் போட்ட கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார் கவிழ்ந்து உருளும்போது எரிபொருள் கசியக்கூடாது என்ற விதி வந்தால் அமெரிக்க வாகனங்கள் அத்தனைக்கும் சேர்த்து என்ன ஆகும் என்று பார்த்த கணக்கு. ஒரு பக்கத்தில் 1.25 கோடி வாகனங்கள், ஒவ்வொன்றுக்கும் 11 டாலர், ஆக சுமார் 13.7 கோடி டாலர். இன்னொரு பக்கத்தில் தீயில் 180 மரணம், தலா 2 லட்சம் டாலர். 180 பேருக்குக் கடும் தீக்காயம், தலா 67,000. எரிந்துபோன 2,100 வாகனங்கள், தலா 700. கூட்டினால் சுமார் 4.95 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், திருத்துவதற்குத்தான் அதிகம் செலவாகும் என்று வருகிறது.

கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. ஓர் உயிருக்கு 2 லட்சம் என்ற தொகைகூட ஃபோர்டு இட்டுக்கட்டியது கிடையாது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு போட்டு வைத்திருந்த மதிப்பைத்தான் எடுத்தாண்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. தராசைக் கம்பெனி பிடித்திருந்தாலும் எடைக்கல்லைக் கொடுத்தது சமூகம். எரிகிற காரில் யார் உட்கார்ந்திருப்பார், அவரிடம் கேட்டார்களா என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. 11 டாலர் கூடுதலாகத் தர அவர் சம்மதித்திருக்கவும் கூடும்.

சட்டம் கேட்கவில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-இலேயே அமெரிக்காவில் அதில் கலக்கும் ஈயப் பொருளைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது, சட்டப்படியே தொடர்ந்தது. 2021-இல் அல்ஜீரியா நிறுத்திய பிறகுதான் உலகில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முடிவுக்கு வந்தது. சட்டம் நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அது வந்து சேரும்வரை இடையில் கிடக்கிற வருடங்களுக்குப் பொறுப்பு, விஷயம் தெரிந்தவர்களுடையது. ஹீட்டர் விஷயத்தில் தெரிந்தவர் நீங்கள்.

போட்டிக் கம்பெனிகள் வைப்பதில்லை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. வங்கதேசத்தின் ராணா பிளாசா, எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூண்களிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேலே இருந்த தையல் ஆலைகளோ மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். ஆர்டரை நேரத்துக்கு அனுப்பியாக வேண்டும். பக்கத்து ஆலை ஓடும்போது நாம் மட்டும் எப்படி நிறுத்துவது? கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்கிக்குத் தனியாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே விரிசலைத்தான்.

நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். சில சமயம் வரும். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் அமெரிக்கா முழுவதிலிருந்தும் சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. விஷம் ஆலையில் கலந்தது இல்லை என்று தெரிந்தும் செய்தார்கள். சரிந்த விற்பனை பிறகு மீண்டது. இதை மேலாளரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வாதத்தை இதன்மேல் மட்டும் நிறுத்த வேண்டாம். லாபம் வருமென்பதால்தான் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால், லாபம் வராத வருடத்தில் அதை எடுக்கவும் நீங்களே காரணம் தந்தவர் ஆவீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

கணக்கைத் தயாரியுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் முழுதாகத் தயாரியுங்கள். மிச்சமாகும் தொகைக்குக் கீழே, உங்கள் கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி சேருங்கள்: “இந்த சுவிட்சை நீக்குவதால் ஹீட்டர் கவிழும்போது தீப்பிடிக்கும் அபாயம் பயனாளர் மேல் விழுகிறது. அது இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.” யாரையும் குற்றம் சாட்டாத வரி. பொய்யும் இல்லை. இதை அடிக்கச் சொல்கிறவர் தன் கையாலேயே அடிக்கட்டும். கூடவே, அதே தொகையை வேறெங்கே பிடிக்கலாம் என்று இன்னொரு தாள் போடுங்கள். அட்டைப்பெட்டி, வெளி மூடியின் பெயின்ட், சப்ளையரோடு ஆண்டு ஒப்பந்தம். பதினோரு வருட அனுபவத்தில் உங்களுக்குத் தெரியாததா? மேலாளருக்கு வேண்டியது மிச்சம். அது வேறு இடத்தில் கிடைத்தால் சுவிட்சைப் பிடுங்க அவருக்கும் மனம் வராது என்றே நினைக்கிறேன்.

எழுத்தில் வையுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தரக்கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், ஒரு கைப்பிடியின் ஒட்டுப் பசை வெப்பம் தாங்காது என்று கூட்டத்தில் வாயால் மட்டும் சொன்னேன். தலையாட்டினார்கள். புகார்கள் குவிந்தபோது, “நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கை வெந்துபோயிருந்தது. அந்தப் புகார்க் கடிதத்தின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சேலஞ்சர் விண்கலத்தின் ரப்பர் வளையங்களால் உயிரிழப்பு நேரலாம் என்று, அதன் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்தார். 1986 ஜனவரியில் ஏவுவதற்கு முந்தைய இரவும் சக பொறியாளர்களோடு சேர்ந்து எதிர்த்தார். நிர்வாகம் மீறியது, விண்கலம் வானில் சிதறி அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர் எழுதியது அதைத் தடுக்கவில்லை. ஆனால் பிறகு நடந்த விசாரணையில், யாருக்கும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. அந்த நிறுவனத்தில் அவரால் நீடிக்க முடியவில்லை. இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொன்னால் நான் நேர்மையானவன் இல்லை.

அதனால் தனியாகப் போகாதீர்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக சர்வீஸ் பிரிவில், கவிழ்ந்த ஹீட்டர் பற்றி இதுவரை வந்த புகார்களை வாங்கிப் பாருங்கள். அந்த சுவிட்சை முதலில் யார், எதற்காக வைத்தார் என்று டிசைன் பிரிவில் கேளுங்கள். பழைய ஃபைலில் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அது ஒரு விபத்தாக இருக்கும். அந்தக் காகிதத்தை உங்கள் கணக்கோடு இணைத்துக் கொடுங்கள்.