1965 எம்ஜிபி: அப்படியே மீட்பதா, நம் விருப்பத்துக்கு மாற்றுவதா?

ராயபுரத்தில் தாத்தா விட்டுப்போன 1965 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வண்டியை ஒரிஜினலாக மீட்பதா, பிடித்த நிறம், புது சீட் என்று மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான்: திரும்பக் கழற்ற முடிந்த மாற்றம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சீட் உறை, ஸ்டீயரிங், சக்கரம் எல்லாம் உங்கள் ரசனை. கழற்றியதைத் துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். உடலை வெட்டுவது, வேறு இன்ஜின் பொருத்துவது வேண்டாம்.

2021 மத்திய மோட்டார் வாகன விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டி அசல் வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும். நிறம் மாற்றினாலும் ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

அப்புறம், பெயின்ட்டைவிட அவசரமானது துரு. கடல் காற்று படுகிற ஊர் நம்முடையது. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே இருக்கும் ‘சில்’ (sill) என்ற பகுதி அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதை ஒழுங்காக வெல்டிங் செய்யாமல் புட்டி பூசி மறைக்கிற வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும்; பேட்டரியை சார்ஜ் செய்ய பழைய பாணி டைனமோ உள்ளது. தினமும் ஓட்டுவதாக இருந்தால் டைனமோவுக்குப் பதில் இன்றைய கார்களில் இருக்கும் ஆல்டர்னேட்டர் போடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றாமல் பொருத்தினால் அதற்குள் இருக்கும் டயோடு எரிந்துவிடும்.

தாத்தா சோழவரம் ரேஸ் பார்க்க இதில்தான் போவார் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் டாஷ்போர்டில் இருக்கும் கீறல்களை விட்டுவிடுங்கள். நான் தொடவே மாட்டேன்.